'எந்த ஏரியா?' என்ற கேள்வியும் நியாயமும்

அடிப்பது தவறு, பங்கிட்டுக் கொடுப்பது நல்லது என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். அந்த நியாயம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்பதில்தான் குழு உணர்வு குறுக்கிடுகிறது.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி தாஜ்ஃபெல் நடத்திய சோதனைகளின் முடிவு 1970-இல் வெளியானது. 14, 15 வயது மாணவர்களை அற்பக் காரணம் சொல்லி இரு அணியாகப் பிரித்தார். தம் அணியில் யார் இருக்கிறார் என்றே தெரியாத நிலையிலும் அவர்கள் சொந்த அணிக்கே கூடுதல் பணம் ஒதுக்கினர். 2008-இல் சுவிட்சர்லாந்தில் 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: வயது ஏற ஏறச் சமமாகப் பங்கிடும் மனம் வளர்ந்தது, கூடவே தன் பள்ளிப் பிள்ளைக்குச் சாதகமாக நடப்பதும் வளர்ந்தது.

இந்தக் குழு உணர்வை வடசென்னையிலும் பார்க்கலாம். அங்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை குப்பம், நகர், காலனி என்று குடியிருப்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. கடல் தொழிலுக்கும் ஆலை வேலைக்கும் ஒற்றுமை உயிர்நாடி. பிள்ளைகளிடம் அது 'நம்ம ஏரியா பையன்' என்ற பாசமாகிறது. கிரிக்கெட்டில் தகராறு வந்தால், யார் முதலில் கைநீட்டியது என்பதற்கு முன்பே 'அவன் எந்த ஏரியா?' என்ற கேள்வி வந்துவிடும். நடந்ததை ஆசிரியரிடம் சொன்னவன் 'போட்டுக்கொடுத்தவன்'. பொய் சொல்லிக் கூட்டாளியைக் காத்தவன் நல்லவன். அவனுக்கும் மனசாட்சி உண்டு. அது ஏரியா எல்லையோடு நின்றுவிடுகிறது.

இது வடசென்னையின் தனிக்குணம் அல்ல. மாநகரப் பேருந்துகளிலும் புறநகர் ரயில்களிலும் கல்லூரி மாணவர்களின் 'ரூட்டு தல' (பயண வழித்தடத் தலைவன்) மோதல்களில் இதே கணக்குதான். ஏரியாவின் இடத்தில் சாதி வந்து அமரும்போது விளைவு கொடூரமாகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பெயரின் அகர வரிசைப்படி இருக்கை ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

அடையாளத்தை அகற்றுவது பாதி வேலைதான். 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரீஃப் நடத்திய முகாமில், பகைத்துக்கொண்ட இரு சிறுவர் அணிகளை ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டும் பகை தீரவில்லை. முகாமுக்குத் தண்ணீர் நின்றபோது இரு அணியினரும் சேர்ந்து வேலை செய்ய நேர்ந்தது. அப்படிப்பட்ட பொது வேலைகளே பகையைத் தணித்தன. வடசென்னையிலும் அப்படித்தான்: 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, பக்கத்துப் பக்கத்துக் குப்பத்து மக்கள் சேர்ந்தே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

பள்ளிகள் செய்யக்கூடியது எளிது. விளையாட்டு அணியையும் செய்முறைக் குழுவையும் ஏரியா கலந்து அமைக்க வேண்டும். ஆண்டு முழுவதும் அப்படியே தொடர வேண்டும். காலை வணக்கக் கூட்டத்து அறிவுரையைவிட அது அதிகம் சாதிக்கும்.