விமானியின் ஓய்வு யார் பொறுப்பு?

அதிகாலை 4 மணிக்கே எழுந்து கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் ஜொகூரில் ஏராளம். தூக்கக் கலக்கம் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே கலக்கத்தோடு ஒருவர் நாம் பயணம் செய்யும் விமானத்தைத் தரையிறக்கினால் என்ன ஆகும்?

2025 டிசம்பர் தொடக்கத்தில் இந்தியாவின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5ஆம் தேதி மட்டும் 1,000க்கும் மேற்பட்டவை ரத்தாயின. விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்பப் பணி அட்டவணையைத் தயாரிக்காததே இதற்கு முக்கியக் காரணம். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவு நேரத் தரையிறக்கம் வாரத்திற்கு 6 முறையிலிருந்து 2 முறையாகக் குறைந்தது.

இந்தக் கண்டிப்பு ஏன்? 2010 மே 22ஆம் தேதி துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தனர். 8 பேர் மட்டுமே உயிர் தப்பினர். தலைமை விமானி ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகத் தூங்கியிருந்ததை விசாரணை கண்டறிந்தது. மீண்டும் மேலெழும்பச் சொல்லித் துணை விமானி எச்சரித்தும் அவர் தரையிறக்கத்தைத் தொடர்ந்தார். தூங்கி விழித்தவுடன் வரும் மந்தம் அவருடைய முடிவைப் பாதித்திருக்கலாம் என்பது விசாரணைக் குழுவின் கருத்து.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. மது அருந்தியவரை விமானி அறைக்குள் விடமாட்டோம். களைத்தவரை மட்டும் விடலாமா?

இருப்பினும், விதி மட்டும் போதாது. 2024 ஜனவரியில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா சென்ற பாத்தேக் ஏர் விமானத்தில் இரு விமானிகளும் சுமார் 28 நிமிடங்கள் தூங்கிவிட்டனர். துணை விமானியின் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள்! நல்லவேளையாக, விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. அட்டவணையில் ஓய்வு என்று எழுதப்பட்டிருந்தாலும், வீட்டில் தூக்கம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. “இன்று என்னால் முடியாது” என்று சொல்லும் விமானிக்குத் தண்டனை இல்லை என்ற நம்பிக்கை வேண்டும்.

இண்டிகோ விவகாரம் கற்றுத் தரும் பாடமும் இதுதான். விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டன. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1இல்தான் நடப்புக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருந்தும், போதிய விமானிகள் இல்லை. விமான நிலையங்களில் பயணிகள் தவித்தபோது, ஆணையம் சில இரவுப் பணி விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. அந்த நெருக்கடியில் வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால், திட்டமிடத் தவறியது நிறுவனம். விட்டுக்கொடுத்தது பாதுகாப்பு விதி. இது சரியா?

நம் நாட்டிலும் விமானிகளின் பணி நேரத்திற்கு வரம்பு உண்டு. அதைக் கடைப்பிடிக்க ஆள் பலம் வேண்டும். ஆள் பலத்திற்குப் பணம் வேண்டும். மலிவான டிக்கெட்டைத் தேடும் நாமும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை பயணம் தாமதமாகி, விமானிக்கு ஓய்வு தேவை என்று அறிவிப்பு வந்தால், முணுமுணுப்பதற்கு முன் மங்களூரை நினைத்துக்கொள்வோம்.