வம்சப் பத்திரம்

பதுளை நண்பர் ஒருவர் அல்சேஷன் குட்டி வாங்கினார். மூன்று தலைமுறைக்கான வம்சப் பத்திரமும் கிடைத்ததாம், பெருமையோடு காட்டினார். எனக்கோ 1948 நினைவுக்கு வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவரென்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களென்றோ நிரூபிக்கச் சொன்னது அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். லயத்திற் பிறந்தோரிடம் ஏது பத்திரம்? ஊவாத் தோட்டங்களிலும் ஆயிரமாயிரம் பேர் நாடற்றவராயினர்.

மனிதரிடம் வம்சாவளி கேட்டது அநீதி. நாய் விற்போரிடம் அதைக் கேட்கத்தான் வேண்டும், பெருமைக்காக அன்று. தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே பெயர் வந்தால், நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்திருக்கிறார்கள் என்று அறியலாம். அல்சேஷனை வாட்டும் இடுப்பு மூட்டுக் கோளாறோ பத்திரத்தில் தெரியாது. தாய், தந்தை நாய்களின் எக்ஸ்ரேயைக் கேட்க வேண்டும். நண்பர் கேட்கவில்லை. இனி வாங்கப்போகும் நீங்களாவது கேளுங்கள்.