ஏரின்னா மண்ணும் மதகும் மட்டுமா?

ஏரி தூர்வாரின போட்டோ வந்தா டவுன்ல இருக்கிற நீங்க சந்தோசப்படுறீங்க. ஜேசிபி நிக்குது, கரை உசந்திருக்கு, மதகுக்குப் புது ஷட்டர். எனக்கு ஒரே கேள்விதான்: அந்த ஷட்டரை யார் திறக்கிறது? எஸ்டிமேட்ல எத்தனை கன மீட்டர் மண்ணுன்னு இருக்கும். ஆளைப் பத்தி ஒரு வரி இருக்காது.

செந்துறை வட்டாரத்துல எங்க ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஏரியையும் நம்பித்தான் இருக்கு. முன்னே நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருந்தார். ஆயக்கட்டுல அவருக்குச் சொந்த வயல் கிடையாது, அதனாலதான் அவர் பேச்சு எடுபட்டது. தண்ணி குறைஞ்சா முறை வச்சு விடுவார். களத்துல நெல்லாக் கூலி. (அந்தக் கூலி ரொம்பக் குறைச்சல். சாதி பார்த்துத்தான் அவரை நடத்தினாங்க. அந்தக் காலமே திரும்பணும்னு நான் சொல்ல வரல.)

1990-ல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. எனக்கும் அது உதவிதான். ஆனா போர் போட்டவன் வரத்து வாய்க்கால் வெட்ட வரமாட்டான். அவன் ஒதுங்கினா அடுத்தவனும் ஒதுங்குவான், அப்புறம் நீர்பாய்ச்சிக்கு யார் நெல் அளக்கிறது? கரையும் மதகும் அப்படியேதான் இருந்தது. ஏரி செத்துப்போச்சு.

2009-ல பொருளாதார நோபல் வாங்கின எலினார் ஆஸ்ட்ரம் அம்மா நேபாளத்துப் பாசனங்களை ஆராய்ஞ்சிருக்காங்க. விவசாயிகளே கல்லும் மண்ணும் மரமும் போட்டு அணை கட்டின இடங்கள்ல, கடைமடைக்குத் தண்ணி நல்லாப் போயிருக்கு. அரசாங்கம் சிமெண்டுல கட்டிக் கொடுத்த பல இடங்கள்ல போகல. ஏன்? மண் அணையை வருசா வருசம் சீர் பண்ண தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரன் உழைப்பு வேணும், அதனால தண்ணியை விட்டுத்தான் ஆகணும். அணை கெட்டியானதும் அவன் தயவு தேவைப்படல. இன்ஜினியர் சேர்த்தது சிமெண்டு, அறுத்தது உறவு.

இதுக்கு 'சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்'னு பெரிய படிப்பே இருக்காம். ராக்கெட்டுக்கு அது சரி. போல்ட்டை இறுக்கினா போல்ட்டு கோவிச்சுக்காது. மனுசன் அப்படியா? நீங்க ஒண்ணு செஞ்சா அதைப் பார்த்து அவன் வேற ஒண்ணு செய்வான்.

2017-ல குடிமராமத்து திரும்ப வந்தப்போ, விவசாயிகள் பங்கு 10 சதவீதம்னாங்க. நல்ல யோசனை. எங்க ஏரியில அந்தப் பங்கையும் கான்ட்ராக்டரே கட்டினார். வேலை முடிஞ்சுது. ஷட்டர் சாவி யார்கிட்ட இருக்குன்னு இன்னைக்கும் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது.

மண்ணை அளக்கிறதுக்கு முன்னாடி கடைமடைக்காரங்களோட உட்காருங்க. மதகுக்கு ஆள் யாரு, அவருக்கு நியாயமான சம்பளம் எங்கேயிருந்து, போர் வச்சிருக்கிற என்னை மாதிரி ஆள் என்ன கொடுக்கணும், எல்லாத்தையும் எஸ்டிமேட்லயே எழுதுங்க. ரெண்டு மழைக்காலம் போகட்டும். கடைசி வயலுக்குத் தண்ணி ஏறுதான்னு வந்து பாருங்க, ஏறலைன்னா ஏற்பாட்டை மாத்துங்க. அதுவரைக்கும் கடைசி பில்லை பாஸ் பண்ணாதீங்க.