கப்பற் பரிசோதனையும் எமது துறைமுகமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று, பெருங் கப்பல்களும் ஒதுங்கி நிற்றற்குரிய ஆழமுடையது என்றெல்லாம் பூமிசாத்திர வகுப்பிலே படித்தோம். 1659ஆம் ஆண்டின் இறுதியிலே புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்த்தற்பொருட்டுக் கொட்டியாரக் குடாவை நாடி வந்ததும், அதிலிருந்த றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பட்டதும் எமது மாணவர் அறிந்த வரலாறேயாம். பழுதுற்ற கப்பலுக்குப் புகலளிக்கும் துறைக்கு ஒரு கடமையும் உண்டு. வந்த கப்பல் மீண்டும் கடலோடத் தக்கதோ என்று பார்த்தனுப்புதலே அது. அக்கடமையை விரைவாகவும் செம்மையாகவும் ஆற்றும் வழி யாது என்பதே இங்கு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

கப்பலின் பாதுகாப்புக்கு முதற்பொறுப்பாளர் அதன் உரிமையாளர். அடுத்தவர் எந்நாட்டுக் கொடியை அது தாங்குகின்றதோ அந்நாட்டு அரசினர். 1912இல் 'டைற்றானிக்' மூழ்கியபின் 1914இல் உருவான சர்வதேச உடன்படிக்கையும், அதன் வழிவந்து இன்று நடைமுறையிலுள்ள 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் இப்பொறுப்பை வகுத்துரைக்கின்றன. ஆயினும் ஒரு நாட்டார்க்குரிய கப்பல் வேறொரு நாட்டிற் பதியப்பெற்று, பதிந்த நாட்டின் கரையை ஒருநாளும் காணாமலே கடலோடித் தீர்தல் இக்காலத்து வழக்கம். ஆதலின் கப்பல் சென்றடையும் துறையின் அரசும் அதனைப் பரிசோதித்தல் இன்றியமையாததாயிற்று. 1978இல் பிரான்சின் கரையோரத்தே 'அமொக்கோ கடிஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் உடைந்து கடலை மாசுபடுத்தியது. அதன் பின்னர் 1982இல் ஐரோப்பிய நாடுகள் பாரிஸ் நகரிலே ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இந்து சமுத்திர நாடுகளின் உடன்பாடு 1998இல் பிறிற்றோறியாவிலே கைச்சாத்தாகி, 1999 ஏப்பிரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஓர் அங்கத்துவ நாடு. 1971ஆம் ஆண்டின் வணிகக் கப்பற்றுறைச் சட்டத்தின்கீழ் இப்பணி வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தைச் சார்ந்தது.

இனி, பரிசோதனையின் திறன் என்பது யாது? ஆண்டுக்கு எத்தனை கப்பல்களில் அதிகாரிகள் ஏறி இறங்கினர் என்னும் கணக்கைக் காட்டி மனநிறைவு கொள்வாருளர். ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி என்பது எம்மவர் பழமொழி. ஓட்டையை அடையாதவழி மாலுமிகளை எண்ணிப் பயனில்லை. அதுபோலவே, குறையைக் கண்டு திருத்தாதவழிப் பரிசோதனைகளை எண்ணியும் பயனில்லை. நல்ல கப்பலொன்றை மூன்று துறைகளில் மும்முறை சோதித்தலும், குறையுள்ள கப்பலை ஒருமுறையும் சோதியாது விடுதலும் கணக்கிலே அழகாகத் தோன்றலாம். கடலிலே அதன் விளைவு வேறாக இருக்கும்.

ஆகவே முதலில் வேண்டுவது தெரிவு. பாரிஸ் உடன்பாட்டு நாடுகள் 2011ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஆபத்துத் தரம் வகுத்துள்ளன. கப்பலின் வகை, வயது, கொடிநாட்டின் ஒழுங்கு, நடத்தும் கம்பனியின் வரலாறு, முன்னர்க் கண்ட குறைபாடுகள் ஆகியன யாவும் அங்கே கணக்கிடப்படும். ஆபத்து மிகுந்த கப்பலுக்கு ஐந்து ஆறு மாதத்துக்கொரு பரிசோதனை. ஆபத்துக் குறைந்ததற்கு இருபத்துநான்கு முதல் முப்பத்தாறு மாதத்துக்கொரு பரிசோதனை. இதனால் நல்ல கப்பலுக்கு நேரம் மிஞ்சுகின்றது. அதிகாரிக்கோ கவனம் மிஞ்சுகின்றது.

வயதை மாத்திரம் பார்த்துத் தெரிதல் போதாது என்பதற்கு எமது கடலிலேயே சான்றுண்டு. 2020 செப்டெம்பர் 3ஆந் திகதி, இரண்டு லட்சத்து எழுபதாயிரம் தொன் மசகெண்ணெயுடன் குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைக்குச் சென்ற 'நியூ டயமன்ட்', கிழக்குக் கரையிலே சங்கமன்கண்டி முனைக்கப்பால் தீப்பற்றியது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். அது இருபது வயதான கப்பல். மறு ஆண்டு மே 20ஆந் திகதி கொழும்புக்கப்பால் தீப்பற்றி அழிந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கடலோடத் தொடங்கிச் சில மாதங்களே ஆன புதுக் கப்பல். அதிலிருந்த கொள்கலனொன்றில் நைத்திரிக்கமிலம் கசிந்தமை முன்னரே அறியப்பட்டிருந்தது. கட்டார், இந்தியா ஆகிய நாடுகளின் துறைகளில் அதனை இறக்குதற்கு இடங்கிடைத்திலது. கரையை மூடிய பிளாஸ்ரிக் மணிகளின் கதையை யாவரும் அறிவர். முன்னதிலே இயந்திர அறையும், பின்னதிலே சரக்கும் ஆபத்தின் பிறப்பிடமாயின. இரண்டும் எமது துறைக்கு வந்த கப்பல்களல்ல என்பதும் நோக்கற்பாலது. ஒரு துறை கண்ட குறையை அடுத்த துறைக்கு உடனே அறிவித்தாலன்றி எத்துறையும் தன்னைத் தானே காத்துக்கொள்ளல் இயலாது.

இரண்டாவதாக வேண்டுவது நேரத்தின் சிக்கனம். சுங்கம், சுகாதாரம், குடிவரவு, துறைமுகம், கப்பற்றுறை எனப் பல பகுதியினர் ஒரே பத்திரங்களை வெவ்வேறு வேளைகளிற் கேட்டால் மீகாமன் களைப்படைவான். பரிசோதகருக்கும் பொழுது போய்விடும். சர்வதேச கடல்சார் அமைப்பின் விதிப்படி 2024 சனவரி முதலாந் திகதியிலிருந்து இப்பத்திரங்கள் யாவும் ஒரே மின்னணு வாயிலினூடாகச் செல்லுதல் வேண்டும். இதன் முழுப்பயனையும் பரிசோதனைக்கு ஆக்குதல் நன்று. கப்பல் நங்கூரமிடுமுன் பத்திரங்கள் படிக்கப்பட்டுவிடின், ஏறும் அதிகாரி உயிர்காப்புப் படகை இறக்கிப் பார்க்கவும், தீயணை நீர்ப்பம்பியை இயக்கிப் பார்க்கவும் நேரம் பெறுவார். தாள்கள் ஒழுங்காக இருந்தும் பம்பி இயங்காத கப்பல்கள் உலகில் உண்டு.

மூன்றாவது, இத்துறைக்குரிய தனியறிவு. எமது குடாவுக்கு வருவன பெரும்பாலும் மாவாலைக்கான கோதுமையும், சீமெந்து ஆலைக்கான மூலப்பொருளும், சீனக்குடாத் தாங்கிகளுக்கான எண்ணெயும் கொணரும் கப்பல்களாம். பூச்சிகொல்லிப் புகையூட்டிய தானிய அறைக்குள் காற்றைச் சோதியாது இறங்குவோன் மீளாதிருத்தல் கூடும். அடைபட்ட அறைகளிற் புகுந்து மீட்கும் பயிற்சியை இரண்டு மாதத்துக்கொருமுறை நடத்தல் வேண்டுமென 2015 முதல் விதியுளது. அப்பயிற்சி நடந்ததாகக் குறிப்பேட்டில் எழுதியிருத்தலைக் காண்பதோடு நில்லாது, மாலுமியைக் காற்றளக்கும் கருவியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். இத்தகைய தேர்ச்சி, கொழும்பிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றர் பயணஞ் செய்து வந்து அன்றே திரும்புவார்க்கு எளிதிற் கைவராது. திருகோணமலையிலேயே வாழ்ந்து, வந்துபோகும் கப்பல்களைப் பழகியறிந்து, கண்ட குறை திருத்தப்பட்டதோ என மறுநாளும் சென்று பார்க்கும் பரிசோதகர் இத்துறைக்கு நிரந்தரமாக வேண்டும் என்பது எமது துணிபு.

கடுமையான பரிசோதனையாற் கப்பல்கள் வேறு துறைகளை நாடிப்போய்விடும் என்று அஞ்சுவாருமுளர். அவ்வச்சத்தை யாம் முற்றாகப் புறக்கணிக்கவில்லை. சுமை தூக்குவோர், வாகன ஓட்டுநர் எனப் பல குடும்பங்கள் இத்துறையை நம்பி வாழ்கின்றன. ஆயின் கப்பலை ஓடச் செய்வது தாமதம், நேர்மையான சோதனையன்று. நியாயமின்றித் தடுத்துவைக்கப்பட்ட கப்பல் நட்டஈடு பெறவும் சர்வதேச உடன்படிக்கை இடமளிக்கின்றது. குறையை எழுத்திலே தெளிவாகக் காட்டி, திருத்தியவுடன் விடுக்கும் துறையை நல்ல கம்பனிகள் விரும்பியே வரும். அஞ்சி விலகுவன எவையோ, அவை விலகுதலே எமக்கு நலம்.

பெருங் கப்பலைப் பற்றிப் பேசும்போது சிறு தோணியை மறத்தலும் ஆகாது. 2021 நவம்பர் 23ஆந் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே, பாலம் கட்டப்படும் காலத்துப் பயன்பட்ட மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டனர். ஆழ்கடற் கப்பலுக்கு உலகளாவிய விதிகள் உள்ளன. எமது பிள்ளைகள் ஏறிய படகுக்கு எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்லித் தடுப்பாரில்லை. பரிசோதனை என்பது அந்நியக் கொடிகளுக்கு மாத்திரம் உரிய சடங்காகிவிடின் அதனால் எமக்கு யாது பயன்? பயணிகள் படகு ஒவ்வொன்றும் ஆளெண்ணிக்கை எழுதப்பட்டு, உயிர்காப்பு அங்கியுடன், காலந்தோறும் பார்வையிடப்படல் வேண்டும்.

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் அரச பணியிலும், துறைமுகத்திலும், கடலிலும் தொழில் புரிகின்றனர். அவர்கள் தத்தம் நிலையிலிருந்து இதனை வற்புறுத்துவாராக. இன்று பயிலும் மாணவர்க்கும் ஒரு சொல்: மருத்துவமும் பொறியியலும் போன்றே கப்பல் அளவையும் கணிதமும் பௌதிகமும் கற்றார்க்குரிய உயர்ந்த தொழிலாம். குடாவின் கரையிலே வளர்ந்த பிள்ளையினும் அதனைக் காத்தற்கு உரியார் யாவர்? அடுத்த விழா மலர் வெளிவரும்போது, எமது கல்லூரியிற் பயின்ற பரிசோதகர் ஒருவரேனும் இத்துறையிலே கப்பலேறக் காண்போமாயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும்.