சோமசெற் காருக்கு என்ன விலை?

பழைய கார் ஒன்றுக்கு விலை மதிக்க வேண்டுமானால் மெக்கானிக்கிடமோ தரகரிடமோதான் கேட்பார்கள். நாற்பது வருடங்களுக்கும் மேலாகச் செய்திகளோடு மட்டுமே மாரடித்த என்னிடம் அந்தப் பொறுப்பு 2025 மே மாதத்தில் வந்து சேர்ந்தது. கோண்டாவிலில் தனியே வசிக்கும் என் பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அத்தான்ர காரைக் கேட்டு ஆக்கள் வரத் துவங்கிவிட்டினம். உண்மையா அதுக்கு என்ன பெறும் எண்டு நீ ஒருக்கால் வந்து பார்த்துச் சொல்லு. நாங்கள் ஒருத்தரையும் ஏமாத்தவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்."

அக்காவின் இரண்டாவது வசனம்தான் என்னைக் கோண்டாவிலுக்குப் போக வைத்தது. ஏமாற்றாமலும் ஏமாறாமலும் ஒரு பொருளை விற்பது எப்படி என்பது பார்வைக்கு எளிய கேள்வி. அந்தப் பொருள் பலமுறை மாற்றியமைக்கப்பட்ட, எழுபது வயது கடந்த ஒரு காராக இருக்கும்போது அது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

அந்தக் கார் ஓர் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட இனம். 1200 சீசீ பெற்றோல் எஞ்சின், ஸ்ரியறிங் தண்டில் கியர், தனியான செஸியின் மேல் பொருத்தப்பட்ட உருண்டு திரண்ட உடல். யாழ்ப்பாணத்து வீதிகளில் பல தசாப்தங்களாக வாடகைக் கார் என்றாலே ஏ-40 தான். அத்தானின் கார் 1953 இல் பதிவானது. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்கள்தான் உள்ளன, 'ஸ்ரீ' இல்லை. சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வாகனத் தகடுகளுக்கு வந்தது 1957 இல். அதற்கெதிராகத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று பழைய கார் சேகரிப்பவர்கள் இத்தகைய பழைய தகட்டை விரும்பித் தேடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த அரசியல் தெரியாது என்பது வேறு கதை.

இந்தக் கார் மூன்று தடவைகள் மாற்றப்பட்டது. விலையைப் பேசுவதற்கு முன் அவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது மாற்றம் பொருளாதாரத் தடை தந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. எங்கள் மெக்கானிக்குகள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். சிறிய தனித் தாங்கியில் இருக்கும் பெற்றோலில் எஞ்சினை இயக்கி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் சற்று நேரம் மீண்டும் பெற்றோலில் ஓட விடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எஞ்சின் இயங்காது. ஏ-40 எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது இந்தக் கொடுமையைத் தாங்கியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்த இரவில், இரு குடும்பங்களையும் மூன்று கிழவர்களையும் கொடிகாமத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் கார்தான்.

ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து கீழேயுள்ள ஒயிலுடன் கலக்கும். ஒயில் இளகும், றிங்குகள் தேயும், பெயரிங்குகள் போகும். அத்தானின் எஞ்சினுக்கும் அதுவே நேர்ந்தது.

இரண்டாவது மாற்றம் போர் நிறுத்தத்தின் விளைவு. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. மறு வருடம் அத்தான் யப்பானிய வான் ஒன்றின் டீசல் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் வாங்கிப் பொருத்தினார். கியர்த் தடிக்காகக் காரின் தரைத் தகடு வெட்டப்பட்டது. பழைய எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, மாட்டுக் கொட்டிலின் மூலையில் வைத்தார். அதை இரும்புக் கடைக்குப் போடுமாறு பலர் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

மூன்றாவது மாற்றம் பாசத்தால் வந்தது. 2012 இல் ரொறன்ரோவிலுள்ள மருமகன் பணம் அனுப்பினான். பளபளக்கும் வெள்ளிச் சாம்பல் வர்ணம், அலோய் சில்லுகள், பாட்டுப் பெட்டி. பெட்டியைப் பொருத்துவதற்காக முகப்புத் தகடு வெட்டப்பட்டது. பழைய இரும்புச் சில்லுகள் எங்கே போயின என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

அத்தான் காலமாகி ஆறு வருடங்களாகின்றன. அக்காவுக்கு வீட்டுக் கூரை மாற்ற வேண்டும், கண் சத்திர சிகிச்சையும் காத்திருக்கிறது. கார் விற்கப்பட வேண்டிய காரணம் இவ்வளவே.

மருமகன் தன் கணக்கைத் தொலைபேசியில் சொன்னான். "மாமா, இருபத்தைஞ்சு இலட்சத்துக்குக் குறையக் குடுக்க விடாதேங்கோ. நான் மட்டும் ஆறு இலட்சம் செலவழிச்சிருக்கிறன். அப்பா டீசல் எஞ்சினுக்குப் போட்டது வேற. இணையத்தில இருபத்தெட்டு எண்டும் போட்டிருக்கிறாங்கள்."

இந்தக் கணக்கில் மூன்று பிழைகள் உள்ளன. இந்தப் பிழைகளை நம்மில் பலர் வீடு விற்கும்போதும் காணி விற்கும்போதும் செய்கிறோம் என்பதால் அவற்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, செலவழித்த தொகை விலையாகாது. மருமகன் விரும்பிய வர்ணமும் சில்லும் மருமகனுக்கு உரியவை. மூலத் தோற்றத்தைத் தேடும் சேகரிப்பாளருக்கு அவை கழற்றி எறிய வேண்டிய சுமைகள். மாற்றங்களை மதிப்பிட நான் கண்ட ஒரே உரைகல், அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதுதான். சில்லைக் கழற்றலாம், எஞ்சினையும் இறக்கலாம். வெட்டிய தகடு பழையபடி வராது.

இரண்டாவது, விளம்பரத்திலுள்ள தொகை விற்பவரின் ஆசை மட்டுமே. மாதக் கணக்கில் அதே விளம்பரம் இருக்கிறதென்றால் அந்த விலைக்கு அது போகவில்லை என்பதே பொருள். கைமாறிய விலையை அறிய வாங்கியவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

மூன்றாவது, காலம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஐந்து வருடங்களுக்கு இந்த நாட்டில் உருளக்கூடிய எதற்கும் விலை ஏறியது. 2022 இல் எரிபொருள் அனுமதி அட்டை வந்தபோது, கொட்டிலில் கிடந்த கார்களைக்கூடத் தூசி தட்டிப் பதிவு செய்தார்கள். காரொன்றுக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்ததே காரணம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருமகனின் மனதிலிருந்த விலையோ 2022 இல் நண்பர் ஒருவர் சொன்னது.

இதற்கிடையில் தரகர் ஒருவர் கொழும்பிலிருந்து ஒருவரைப் பிடித்திருந்தார். படத்தைப் பார்த்தே 12 இலட்சம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். நான் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அதிலிருந்த எஞ்சின் இலக்கம் கொட்டில் மூலையில் சாக்குக்குள் இருக்கும் எஞ்சினுடையது. எரிபொருள் வகை பெற்றோல் என்றே இருந்தது. எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக யாரும் அதைச் செய்யவில்லை.

"அதைப் பற்றிக் கதைக்காதேங்கோ ஐயா. அவர் செஸி நம்பரை மட்டும்தான் பார்ப்பார்" என்றார் தரகர்.

அந்த யோசனையைக் கேட்டு நான் கோபப்படவில்லை. கோபப்படும் தகுதி எனக்கில்லை. 1994 இல் யாழ்ப்பாணத்தில் என் மொறிஸ் மைனரை உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவருக்கு விற்றேன். அதுவும் மண்ணெண்ணெய் குடித்துத் தேய்ந்த எஞ்சின்தான். விற்பதற்கு முதல் நாள், மெக்கானிக் சொன்னபடி தடித்த ஒயிலை ஊற்றினேன். தட்டும் சத்தம் அடங்கியது, புகையும் குறைந்தது. நண்பர் ஓட்டிப் பார்த்தார், மகிழ்ச்சியோடு பணம் தந்தார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான்கு மாதங்களில் எஞ்சின் இறுகிப் போயிற்று. அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆசிரிய பீடத்தில் எதிரெதிர் மேசைகளில் இருந்து கொண்டு, அதற்குப் பின் நாங்கள் வேலை சம்பந்தமாக மட்டுமே பேசினோம். மறு வருட இடப்பெயர்வில் அவர் எங்கோ போனார், நான் எங்கோ போனேன். அந்த விலையில் நான் கூடுதலாகப் பெற்றது எவ்வளவு என்பதை இன்றுவரை என்னால் கணக்கிட முடியவில்லை.

ஆகவே அக்காவின் விறாந்தையில் இருந்து கணக்கைக் கடதாசியில் எழுதினோம்.

அண்மையில் கைமாறிய மூன்று சோமசெற்களின் உண்மை விலையை, வாங்கியவர்களிடமே கேட்டு அறிந்திருந்தேன். 11, 13, 14 இலட்சங்கள். 14 இலட்சத்துக்குப் போனது மூல எஞ்சினுடன் நல்ல நிலையில் இருந்தது. அதை அளவுகோலாகக் கொண்டோம். கதவடித் தகடுகளின் கறலுக்கும் வெட்டிய தரைக்கும் தகர வேலை 1 இலட்சத்து 75 ஆயிரம் என்று கராஜ்காரர் மதிப்பிட்டார். ரயர்களுக்கு 75 ஆயிரம். கொட்டிலிலுள்ள எஞ்சினைப் புதுக்கி மீண்டும் பொருத்த 3 இலட்சத்து 50 ஆயிரம். இவற்றைக் கழித்தால் 8 இலட்சம். இறக்கும் டீசல் எஞ்சினை விற்றால் 1 இலட்சத்து 50 ஆயிரம் பெறும் என்பதால் அதைக் கூட்டினோம். வந்தது 9 இலட்சத்து 50 ஆயிரம்.

அந்தச் சாக்கு மூட்டை இல்லாதிருந்தால் வேறொரு ஏ-40 எஞ்சினைத் தேடி வாங்க வேண்டியிருக்கும், புத்தக இலக்கமும் பொருந்தாது. மருமகனின் ஆறு இலட்சம் விலையில் எதையும் கூட்டவில்லை. அத்தான் எறியாமல் வைத்திருந்த பழைய இரும்புதான் விலையைத் தாங்கிப் பிடித்தது.

கொழும்புக்காரருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். எஞ்சின் மாறியதையும், புத்தகம் திருத்தப்படாததையும், மண்ணெண்ணெய்க் கதையையும், வெட்டிய தகடுகளையும் சொன்னேன். 42 குதிரைவலு எஞ்சினுக்கென்று செய்த பிறேக்குகள்தான் இன்றும் அந்தப் பாரமான டீசல் எஞ்சினை நிறுத்துகின்றன, ஆகவே நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம் என்றும் சொன்னேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டார். தரகர் தலையில் கை வைத்தார்.

பத்து நாட்கள் கழித்து அவர் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். காரைப் பார்க்க முன் கொட்டிலுக்குப் போய்ச் சாக்கைப் பிரித்து இலக்கத்தைப் பார்த்தார். பிறகு முகப்புத் தகட்டைக் காட்டி 25 ஆயிரம் குறைத்தார். 9 இலட்சத்து 25 ஆயிரத்துக்குப் பேச்சு முடிந்தது. உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். கார் லொறியில் ஏறிப் போயிற்று.

தரகர் சொன்னபடி கேட்டிருந்தால் 2 இலட்சத்து 75 ஆயிரம் கூடுதலாக வந்திருக்கும் என்று மருமகன் கோபித்துக்கொண்டான். எழுபத்தெட்டு வயதில் தனியே இருக்கும் ஒரு பெண்ணின் விலாசத்துக்கு, பெயர் மாற்ற முடியாத காருக்காக ஒருவர் வக்கீல் கடிதம் அனுப்பினால் என்னவாகும் என்று கேட்டேன். பதில் இல்லை. சில வாரங்கள் அவன் என்னுடன் பேசவில்லை. அவன் கோபத்தின் மற்றப் பாதியை நான் அறிவேன். கொடிகாமத்துக்குப் போன அந்த இரவில் பின் ஆசனத்தில் இருந்தவன் அவன். அந்த இரவுக்கு ஒரு தொகையை எதிர்பார்த்தான். அது வாங்குபவரிடம் கேட்கக்கூடிய தொகையல்ல. அதற்கு விலை வேண்டுமென்றால் காரை விற்கக்கூடாது.

பழைய கார் விற்க இருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மாற்றங்களுக்கான பற்றுச்சீட்டுகளையும் கழற்றிய பாகங்களையும் எறியாதீர்கள். புத்தகத்தை விளம்பரத்துக்கு முன்பே திருத்துங்கள். விலையை எழுதியபின், காரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அனைத்தையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் தர உடன்படும் தொகை எதுவோ அதுவே நியாய விலை. சொல்லாமல் பெற்ற மிகுதிக்கு வேறு பெயர் உண்டு. அதை நான் 1994 இலேயே பெற்றுவிட்டேன்.

கூரை வேலை தொடங்கிவிட்டதாக அக்கா போன கிழமை சொன்னார். கொட்டிலின் அந்த மூலையில் ஒயில் கறை மட்டும் போகவில்லையாம்.