ரேம் வாங்கிப் போட்டா சரியாயிடுமா?

ஹார்ட் டிஸ்க் இல்லாம, மலிவா அமைக்கிற கம்ப்யூட்டர் லேப்கள் உண்டு. மெமரி நிறைஞ்சா, உடனே தேவைப்படாத பக்கங்களை நெட்வொர்க் வழியா சர்வருக்கு அனுப்பி இடம் பண்ணிக்கும். இதுதான் நெட்வொர்க் ஸ்வாப். பாதி அசைன்மென்ட்ல மெஷின் உறைஞ்சு போனா, "ரேம் பத்தலை, வாங்கிப் போடுங்க"ன்னு ஒரு ரெடிமேட் பதில் வரும் பாருங்க... சுத்தப் பேத்தல்! டிஸ்க்குக்கே காசில்லாத இடத்துல சொல்ற பேச்சா இது?

சிக்கல் அளவுல இல்லை மக்களே, வரிசையில இருக்கு. பக்கத்தை அனுப்ப பாக்கெட் வேணும். பாக்கெட்டுக்கு மெமரி வேணும். மெமரி கிடைக்க பக்கத்தை அனுப்பணும்! பேங்க்ல பணம் எடுக்கப் போறவன்கிட்ட பஸ் காசு இல்லாத கதைதான். "வந்து சேர்ந்தது"ன்னு சர்வர் அனுப்பற பதிலை வாங்கி வைக்கவும் இடம் வேணும். ரேமை இரட்டிப்பாக்கினா இந்த முட்டல் தள்ளிப் போகும், தீராது.

தீர்வு? விவரமான கடைக்காரர் செய்யறதுதான்: தனியா ஒரு அவசரக் கையிருப்பு. அதை ஸ்வாப் வேலைதான் செலவழிக்கலாம். அந்த இடத்துல வந்து விழுற பாக்கெட் வேற யாருக்கோன்னா, தயவு தாட்சண்யம் இல்லாம தூக்கிப் போடணும். டிசிபி பாக்கெட்னா அனுப்பின பக்கம் மறுபடி அனுப்பிடும்.

பீட்டர் ஜைல்ஸ்ட்ரா தொடங்கி மெல் கோர்மன் முடிச்ச இந்த வேலை, 2012-ல லினக்ஸ் 3.6-லதான் உள்ள வந்துச்சு. "ரேம் வாங்குங்க" கோஷ்டியை நம்பியிருந்தா இன்னும் வந்திருக்காது.