இல்லமும் விஞ்ஞானமும்: உறைபெட்டியைப் பேணும் முறை

குளிரை உண்டாக்குவதே உறைபெட்டியின் தொழில் என்று பலரும் கருதுகின்றனர். குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் நீங்கிய நிலையே குளிர். கிணற்றிலிருந்து நீரை இறைப்பது போலப் பெட்டிக்குள் உள்ள வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுவதுதான் அவ்வியந்திரத்தின் வேலை. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், பெட்டியைத் துப்புரவு செய்வதும் பழுதைக் கண்டறிவதும் எளிதாகிவிடும்.

பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையேயுள்ள ஓப்பநாயக்கவிலும் அயற் தோட்டங்களிலும் மழையும் ஈரக்காற்றும் மிகுதி. மூடியைத் திறக்குந்தோறும் அந்த ஈரக்காற்று உட்புகுந்து சுவரில் உறைபனியாகப் படிகிறது. பனிக்குள் காற்று சிறைப்பட்டிருப்பதால் அது கம்பளி போன்றது; வெப்பத்தை எளிதிற் கடத்தாது. கம்பளி போர்த்திய சுவரின் வழியே வெப்பத்தை இறைக்க இயந்திரம் நெடுநேரம் ஓடும், மின்கட்டணமும் ஏறும். ஆகவே, பனி கால் அங்குலத் தடிப்பை அடைந்ததும் அதனை நீக்கிவிட வேண்டும்.

பெட்டியில் பொருள்கள் குறைந்துள்ள நாளே அதற்கு ஏற்றது. முதலில் பிளக்கைக் கழற்றுக. இறைச்சி, மீன் முதலியவற்றைப் பழைய பத்திரிகைத் தாள்களிற் சுற்றி ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி மூடிவைக்கவும். அடியிலுள்ள நீர்வடி துவாரத்தைத் திறந்து, ஒரு தட்டை வைக்கவும். பின்னர் வெந்நீர்ப் பாத்திரங்களை மடித்த துணியின் மேல் பெட்டிக்குள் வைத்து மூடினால், அரைமணி நேரத்தில் பனி இளகத் தொடங்கும்.

பொறுமையிழந்து கத்தியாலோ திருப்புளியாலோ பனியைக் குத்துதல் கூடாது. மெல்லிய உட்சுவருக்குப் பின்னாலேயே வாயு ஓடும் குழாய்கள் உள்ளன. அவற்றில் ஒரு துளை விழுந்தால் பெட்டியே பயனற்றுப் போகலாம். மேலும், இக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் எரியக்கூடிய வாயு உள்ளது. பெட்டியில் ஒட்டிய சிட்டையில் ஆர்-600ஏ என்றிருப்பின் அதுவே இது.

பனி நீங்கியபின் ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து உட்புறத்தைத் துடைக்கவும், வாடையும் அகலும். மூடியின் இரப்பர் விளிம்பின் மடிப்புகளைத் தனியே துடைத்து உலர்த்துக. ஒரு தாளை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால், அவ்விடத்தில் காற்று புகுகிறது என்று அறிக. உள்ளே நன்கு குளிர்ந்த பின்னரே பொருள்களைத் திரும்ப அடுக்க வேண்டும்.

இனிப் பழுதுகள். வெளிச்சுவர் சுடுகிறதே என்று சிலர் அஞ்சுவர். பல பெட்டிகளில் வெப்பத்தை வெளியே விடும் குழாய்கள் அச்சுவருக்குள்ளேயே இருப்பதால் இளஞ்சூடு இயல்பே. மூடியவுடன் மீண்டும் திறக்க வராமையும் பழுதன்று. உட்புகுந்த காற்று குளிர்ந்து அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று மூடியை அழுத்துகிறது. சில நிமிடம் பொறுத்தால் திறக்கும். இதன் காரணத்தை மாணவர்கள் வாயு விதிகளில் தேடிப் பார்க்கலாம்.

இயந்திரம் ஓடியும் குளிர் போதாதெனில், வெப்பத்தின் வழி எங்கே அடைபட்டது என்று தேடுக. பனி, தூசி, தளர்ந்த இரப்பர், சுவரோடு ஒட்டிவைத்தமை, சூடான உணவை வைத்தமை ஆகியவற்றுள் ஒன்று காரணமாயிருக்கலாம். இவையெல்லாம் சரியாயிருந்தும் ஓய்வின்றி ஓடினால் வாயு கசிந்திருக்கக்கூடும். தொழில்நுட்பவியலாளரை அழைக்க வேண்டும். தொட்டால் மின்சாரம் தாக்குமாயின் பெட்டியைத் தொடாமல் பிரதான சுவிட்சை நிறுத்துக. திருத்தும் வரை அதனை இயக்கலாகாது.

மின்சாரம் நின்று மீண்டு வரும் வேளையில் உடனே இயக்காமல் ஐந்து நிமிடமேனும் பொறுத்தல் நன்று. கொம்பிரசரின் இருபுறத்து அழுத்தமும் சமமாகும்முன் அதனை இயக்கினால் மோட்டார் கருகிவிடலாம். இடி மின்னற் காலத்திலும், மின்னல் நெருங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவைப்பது பாதுகாப்பானது.

மின்தடையின் துன்பத்தை நம் நாட்டவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அத்தகைய வேளையில் மூடியைத் திறவாதிருப்பதே சிறந்த காப்பு. நிறைந்த பெட்டி ஏறத்தாழ 48 மணித்தியாலமும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலமும் குளிரைத் தாங்கும்.

வீட்டில் இல்லாதபோது மின்சாரம் நின்றதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு கோப்பை நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் பனிக்கட்டிக்குள் அமிழ்ந்திருந்தால், உள்ளிருந்தவை இளகி மீண்டும் உறைந்தன என்பது தெளிவு. அத்தகைய இறைச்சியையும் மீனையும் உண்ணலாகாது. உறைகுளிர் நுண்ணுயிர்களை உறங்கச் செய்கிறதேயன்றி, பெரும்பாலும் கொல்வதில்லை. இளகிய வேளையில் அவை விழித்துப் பெருகும். பணம் கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராது. ஆயினும் குழந்தைகளின் நலத்தினும் பெரிய பொருள் வீட்டில் வேறில்லை.

இன்னுமொரு சொல். பயன்படாத பெட்டியை முற்றத்தில் எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. விளையாட்டாக அதற்குள் ஒளியும் குழந்தை மூச்சடைத்து இறந்துபோகலாம். மூடியைக் கழற்றாமல் எந்தப் பழைய பெட்டியையும் வெளியே வைக்காதீர்கள். பணியாற்றும் பெட்டிக்கு ஆண்டில் ஓரிரு நாள் தரும் கவனிப்பும், ஓய்வுபெற்ற பெட்டிக்குத் தரும் இந்தச் சில நிமிடமும் இல்லத்தாரின் கடமையாகும்.